எதற்குப் புள்ளி, யாருக்கு எத்தனை பங்கு: அனுபவப் புள்ளி வழங்கும் முறை

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி விளையாடும் ஆர்பிஜி ஆட்டங்களை நடத்துகிறவர்கள், சண்டை விதிகளையும் மந்திரங்களின் பட்டியலையும் இரவெல்லாம் படித்துவிட்டு வருவார்கள். அன்றைய ஆட்டம் முடிந்து, கடலூர்ப் பேருந்தைப் பிடிக்க இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், ‘இன்றைக்கு எவ்வளவு எக்ஸ்பி?’ என்று யாராவது கேட்கும்போதுதான் அந்தக் கணக்கு அவர்கள் நினைவுக்கு வரும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டம் நடத்தத் தொடங்கிய முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த ஓராண்டில் நான் செய்த பிழைகளே இக்கட்டுரைக்கு முதல்.

கதாபாத்திரம் ஒன்று ஆட்டத்தில் செய்தவற்றுக்காக அதன் கணக்கில் சேர்வதுதான் அனுபவப் புள்ளி, அதாவது எக்ஸ்பி. குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் லெவல் ஏறும், புதிய ஆற்றல்கள் கிடைக்கும். இதைப் பரிசு என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பங்கள் பிறக்கின்றன. பரிசு என்பது கொடுப்பவரின் மனம் போல் கொடுப்பது. புள்ளியோ கூலியைப் போன்றது. எந்த வேலைக்குக் கூலி பேசப்பட்டிருக்கிறதோ அந்த வேலையைத்தான் ஆட்டக்காரர்கள் செய்வார்கள், பேசப்படாத வேலை எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் அதன் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

எங்கள் முதல் கதைத்தொடர் அரிக்கமேடு பழந்துறைமுகமாக இருந்த காலத்தில் நடப்பதாக அமைந்தது. வணிகச் சாத்து ஒன்றுக்குக் காவலாக வந்த நான்கு கதாபாத்திரங்கள், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் வழிமறித்த கொள்ளையர்களை மடக்கினார்கள். எஞ்சிய மூவர் ஆயுதங்களைக் கீழே போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர்களை விசாரித்தால் ஊருக்குள் அவர்களை ஏவியவர் யார் என்பது தெரியவரும் என்றும், அதிலிருந்து அடுத்த நான்கு வாரக் கதை விரியும் என்றும் நான் திட்டமிட்டிருந்தேன். ‘உயிரோடு விட்டால் ஆளுக்கு இருபத்தைந்து புள்ளி போய்விடும் அண்ணா’ என்று ஒரு கல்லூரி மாணவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், மூவரும் செத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் நியாயமே இல்லை. கொன்றால் புள்ளி என்று வாரக்கணக்கில் கற்பித்தவன் நான்தான். வீட்டுக்குப் போய், நாங்கள் விளையாடிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் ஐந்தாம் பதிப்பில் ஆட்டம் நடத்துவோருக்காக 2014இல் வெளிவந்த கையேட்டைப் புரட்டியபோது, கொன்றாலும் விரட்டினாலும் பிடித்துக்கட்டினாலும் அது வென்றதாகவே கொள்ளப்பட்டுப் புள்ளி சேரும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

ஆகவே கணக்கைத் தொடுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் கதையில் எவை அடிக்கடி நடக்கவேண்டும் என்று விரும்புகிறீர்களோ அவற்றில் இரண்டு அல்லது மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, முதல் நாளே எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். நான் இப்போது வாசிப்பவை மூன்று: எந்த வழியிலாவது ஓர் ஆபத்தை விலக்கினால் புள்ளி, ஊரைப் பற்றி இதுவரை யாரும் அறியாத ஒன்றைக் கண்டறிந்தால் புள்ளி, கொடுத்த வாக்கு ஒன்றை நட்டப்பட்டாவது காப்பாற்றினால் புள்ளி. மூன்றாவதைச் சேர்த்த பிறகு எங்கள் ஆட்டக்காரர்கள் வாக்குக் கொடுப்பதற்கே யோசிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கும் ஒரு கனம் வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு விதிகளை எழுதிவைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே எவருக்கும் நினைவில் நிற்காத விதி எவருடைய நடத்தையையும் மாற்றுவதில்லை.

இனிக் கணக்கு. நம் பக்கத்தில் பெரும்பாலோர் விளையாடுவது ஐந்தாம் பதிப்பு என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் லெவலுக்கு 300, மூன்றாம் லெவலுக்கு 900, நான்காம் லெவலுக்கு 2,700, ஐந்தாம் லெவலுக்கு 6,500 என்று ஏறிக்கொண்டே போய், இருபதாம் லெவலுக்கு 3,55,000 புள்ளிகள் வேண்டும். இவை தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்தம். லெவல் ஏறியதும் கணக்கு மறுபடி சுழியிலிருந்து தொடங்குவதில்லை. எனவே மூன்றாம் லெவலில் இருப்பவர் நான்காம் லெவலை அடையப் புதிதாகச் சேர்க்கவேண்டியது 1,800.

மூன்றாம் லெவலில் உள்ள நான்கு பேர் எட்டுக் கொள்ளையரையும் அவர்களுடைய தலைவனையும் எதிர்கொள்வதாக வைத்துக்கொள்வோம். கொள்ளையர் ஆளுக்கு 25 வீதம் 200, தலைவனுக்கு 450, ஆக மொத்தம் 650. இதை நான்காகப் பிரித்து அரைப் புள்ளியை விட்டுவிட்டால் தலைக்கு 162. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எதிரிகளின் எண்ணிக்கை கூடும்போது சண்டை எவ்வளவு கடினமாகும் என்பதை மதிப்பிட, 2014ஆம் ஆண்டுக் கையேடு ஒரு பெருக்கெண்ணைத் தருகிறது. ஏழு முதல் பத்து எதிரிகள் வரை அது இரண்டரை. 650ஐ இரண்டரையால் பெருக்கினால் 1,625 வரும். மூன்றாம் லெவல் நால்வருக்கு உயிருக்கே ஆபத்தான சண்டை என்பதற்கான எல்லை 1,600 என்பதால், இந்தச் சண்டை அந்த வகையில் சேரும். ஆனால் அந்த 1,625 என்பது சண்டையைத் திட்டமிடுகிற உங்களுக்கான அளவுகோல் மட்டுமே, வழங்கவேண்டிய புள்ளி அன்று. வழங்கவேண்டியது பெருக்காத 650. 2024இல் வந்த திருத்திய பதிப்பில் அந்தப் பெருக்கெண்ணையே எடுத்துவிட்டார்கள். பழைய நூலை வைத்து விளையாடுவோர் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

சண்டைக்குப் புள்ளி இருக்கிறது, மற்றவற்றுக்கு எண் எங்கே என்று கேட்பவர்களுக்கு, 2014ஆம் ஆண்டுக் கையேட்டில் உள்ள கடினநிலைப் பட்டியலே விடை தருகிறது. மூன்றாம் லெவல் கதாபாத்திரம் ஒன்றுக்கு எளிய சண்டையின் அளவு 75, நடுத்தரத்துக்கு 150, கடினத்துக்கு 225, உயிராபத்துக்கு 400 என்று அது வகுக்கிறது. சண்டையில்லாத சவாலையும் இவற்றில் ஒன்றாக மதிப்பிட்டு, தோற்றால் உண்மையான இழப்பு நேரும் என்ற நிலையில் மட்டும் அதே அளவு புள்ளியைத் தலைக்குத் தலை கொடுத்துவிடலாம். துறைமுகச் சுங்க அதிகாரியிடம் பேசிச் சரக்கை மீட்டது கடினம் என்றால் 225. சதுப்புநிலக் காட்டுக்குள் வழி தவறாமல் போய் ஒளிவிடத்தைக் கண்டது நடுத்தரம் என்றால் 150. இருட்டில் படகைக் கரைசேர்த்தது எளிது என்றால் 75. கொள்ளையர் சண்டையின் 162ஐயும் சேர்த்தால் ஒருநாள் ஆட்டத்தில் தலைக்கு 612 ஆகிறது. இப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனால் 1,836. நான்காம் லெவல் வந்துவிடும்.

இந்தக் கணக்கை எதிர்த்திசையிலும் போடலாம், அதுவே சிறந்தது என்பது என் எண்ணம். எத்தனை வாரங்களில் லெவல் ஏறவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, தேவையான புள்ளியை அந்த எண்ணால் வகுத்து, ஒவ்வொரு வாரத்துக்கும் எவ்வளவு சவால்கள் தயாரிக்கவேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் கூடுகிற குழுவுக்கு மூன்று அமர்வுகள் என்பது மூன்று மாதம். அவ்வளவு நாள் ஒரே லெவலில் இருந்தால் ஆட்டக்காரர்களுக்குச் சலிப்புத் தட்டிவிடும், எனவே அங்கே தாராளமாகக் கொடுப்பதில் தவறில்லை.

புதையலுக்குப் புள்ளி தரும் பழைய முறையை இப்போது பலர் பழங்கதை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட காலத்திலிருந்தே, மீட்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு இருந்தது. 1981ஆம் ஆண்டின் தொடக்கநிலைப் பதிப்பில் காப்லின் என்ற குட்டிப் பூதம் ஒன்றைக் கொன்றால் கிடைப்பது வெறும் 5 புள்ளி; வீரன் இரண்டாம் லெவலுக்குப் போகவோ 2,000 வேண்டும், திருடனுக்கு 1,200, மந்திரவாதிக்கு 2,500. சண்டையில் மடிவது எளிது, கூலியோ சொற்பம் என்பதால், ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்து, ஏமாற்றி, ஒளிந்து, பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவதிலேயே மூளையைச் செலவிட்டார்கள். பொருளைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்த பிறகுதான் புள்ளி என்பது இதன் உயிர்நாடி. அதை விட்டுவிட்டால் முறையே குலைந்துபோகும்.

எங்கள் கதையில் பொற்காசுகளைத் தரையில் கொட்டிவைக்க மனம் வரவில்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் துண்டுகளும் இத்தாலியச் செந்நிறப் பாண்டங்களும் கிடைத்தன. அவ்வூர் கண்ணாடி மணிகளுக்கும் பேர்போனது. எனவே எங்கள் புதையல் அவைதாம்: உடையாத மதுச்சாடி ஒன்று 100 புள்ளி, ஒரு கைப்பிடி மணி 40. சாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், தூக்குபவர் கையில் வாள் இருக்காது, படகு கவிழ்ந்தால் எல்லாம் போச்சு. ஒரு சாடியைச் சேற்றுவழியே கொண்டுவருவதற்காக ஒரு மாலை முழுவதும் அவர்கள் போட்ட திட்டங்களைப் போல, எந்த அரக்கனைக் கொல்வதற்கும் போட்டதில்லை.

பங்கு பிரிப்பதில் நான் ஒரு கொள்கையை மாற்றாமல் வைத்திருக்கிறேன்: மேசையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே அளவு. கடைசி அடியை அடித்தவருக்குக் கூடுதல், நன்றாக நடித்தவருக்குக் கூடுதல் என்று பிரிக்கத் தொடங்கினால், அது பந்தியில் வஞ்சனை செய்வதைப் போல் ஆகிவிடும். பக்கத்து இலையில் இரண்டு வடை விழுவதைப் பார்த்தவருக்குத் தன் இலையில் என்ன விழுந்தாலும் ருசிக்காது. குறிப்பாக நடிப்புக்கான புள்ளியை நான் அறவே எதிர்க்கிறேன். வாயுள்ள பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் நாம் ஊட்டிவிட வேண்டியதில்லை. எங்கள் குழுவில் மூன்று மணி நேரத்தில் பத்து வாக்கியம் பேசுகிற ஒரு பெண் இருக்கிறார். அந்தப் பத்தில் ஒன்று பெரும்பாலும் அன்றைய கதையையே திருப்பிவிடும். எதைக் கொண்டு அதை அளப்பது?

துணைக்கு வரும் கூலியாட்கள், வழிகாட்டிகள் முதலான நடத்துநரே இயக்கும் பாத்திரங்களின் பங்கைப் பற்றி விதிகளே வேறுபடுகின்றன. 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் கூலித் துணைவருக்கு அரைப் பங்கு. 2014ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கணிசமாக உதவியவரை ஒரு முழு ஆளாக எண்ணி வகுக்கவேண்டும், அப்போது மேலே சொன்ன 650 ஐந்தாகப் பிரிந்து தலைக்கு 130 ஆகிறது. தேவனாம்பட்டினத்துக் கரையில் பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்டக்காரர் ஒருவருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பிடிபட்ட மீனைச் செலவு போகப் படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பங்கு வைப்பதைச் சிறுவயது முதல் பார்த்தவர் அவர். ‘ஆள் கூட வந்தால் பங்கு குறையும், ஆனால் வலை கனக்கும்போது ஆள் வேண்டுமே’ என்றார். துணையாளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை இந்த விதி ஆட்டக்காரர்களையே எடைபோட வைக்கிறது.

வராதவர்களுக்கு என்ன செய்வது என்பதில் நான் கருத்து மாறியிருக்கிறேன். வந்தவருக்கு மட்டுமே புள்ளி என்பதுதான் முதலில் என் விதி. மாசிமகம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து பாதிப் பேர் வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். கார்த்திகை மழையில் கடலூர்க்காரர்கள் இரண்டு வாரம் வர முடியவில்லை. சென்னையில் வேலை கிடைத்துப் போனவர் மாதம் ஒருமுறைதான் வந்தார். ஆறு மாதத்தில் குழுவில் இரண்டு லெவல் இடைவெளி விழுந்து, பின்தங்கியவரின் பாத்திரம் ஒரே அடியில் சாகும் நிலைக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே ஆட்டத்தை இழந்தவருக்கு ஆற்றலையும் இழக்கச் செய்வது இரட்டைத் தண்டனை. இப்போது வராதவருக்கும் முழுப் புள்ளி. இறந்த பாத்திரத்துக்குப் பதில் வரும் புதிய பாத்திரமும் குழுவின் அதே புள்ளியோடுதான் தொடங்கும். வராமலேயே புள்ளி சேர்ப்பதற்காக ஒருவர் வீட்டில் இருந்துவிடுவார் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அப்படி ஒருவர் இருந்தால், சிக்கல் புள்ளியில் இல்லை.

வேறு ஆட்டங்களிலிருந்து கடன் வாங்கத் தக்கவை சில உண்டு. பெரிய எண்கள் பிடிக்காதவர்களுக்குப் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் முறை வசதியானது: எந்த லெவலிலும் 1,000 சேர்ந்தால் அடுத்த லெவல், சிறு சாதனைக்கு 10, நடுத்தரத்துக்கு 30, பெரியதற்கு 80. டன்ஜன் வேர்ல்டில் பகடைக் கூட்டுத்தொகை ஆறோ அதற்குக் கீழோ வந்து முயற்சி தவறும்போது ஒரு புள்ளி கிடைக்கும். இப்போதுள்ள லெவல் எண்ணோடு ஏழைக் கூட்டிய அளவு சேர்ந்தால் அடுத்த லெவல். பகடை கைகொடுக்காத நாளில் முகம் வாடும் புதியவர்களை வைத்து நடத்துவோர் இதை ஒருமுறை முயன்று பார்க்கவேண்டும். தோல்வியை அவர்கள் சிரித்துக்கொண்டே நோட்டில் குறித்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். அந்த ஆட்டத்தின் முடிவில் குழுவைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளும் அருமையானவை: உலகைப் பற்றி முக்கியமான ஒன்றைப் புதிதாக அறிந்தோமா, குறிப்பிடத்தக்க எதிரியை வென்றோமா, நினைவில் நிற்கும் செல்வத்தைக் கொண்டுவந்தோமா. ஒவ்வோர் ஆமாம் என்ற பதிலுக்கும் எல்லாருக்கும் ஒரு புள்ளி. 1981இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹுவில் லெவலே கிடையாது. வெற்றியாகப் பயன்படுத்திய திறனுக்கு எதிரே ஒரு குறியிட்டு, பிறகு நூறுபக்கப் பகடையை உருட்டி, தற்போதைய திறனைவிட அதிகமாக விழுந்தால் திறன் கூடும். நன்றாகத் தெரிந்ததைவிடச் சுமாராகத் தெரிந்ததே விரைவாக வளரும் என்பதால் இது வாழ்க்கைக்கு நெருக்கமானது.

புள்ளியே வேண்டாம், கதையின் திருப்பங்களில் எல்லாரையும் லெவல் ஏற்றிவிடலாம் என்கிற மைல்கல் முறையும் இருக்கிறது. எட்டுப் பத்து அமர்வுகளில் முடியும் கதைக்கு அது போதும், கணக்கும் மிச்சம். நீண்ட கதைத்தொடரில், ஆட்டக்காரர்கள் தாங்களே ஊரைச் சுற்றி வழி தேடுகிற வகையில், அது பொருந்துவதில்லை. அடுத்த மைல்கல் நடத்துநரின் மனத்தில் மட்டும் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நடைமுறை பற்றி இன்னும் கொஞ்சம். ஆட்டத்தைக் கால் மணி நேரம் முன்னதாக முடித்து, அன்று நடந்தவற்றை ஆட்டக்காரர்களையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மறந்த பாதி அவர்கள் வாயிலிருந்து வரும். எதற்கு எவ்வளவு என்பதை எல்லார் முன்னிலையிலும் மொய் நோட்டு எழுதுவதைப் போல ஒரே நோட்டில் தேதியுடன் எழுதுங்கள். சண்டை நடுவே புள்ளி அறிவிக்காதீர்கள். லெவல் ஏற்றும் வேலையை வீட்டில் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரத்தின் முதல் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

கூட்டித்தந்துவிட்ட புள்ளியைத் திரும்பப் பிடுங்காதீர்கள். மேலே கணக்கிட்டதைப் போன்ற ஒரு கொள்ளையர் சண்டைக்கு நான் ஒருமுறை கொடுத்தது, பெருக்கெண்ணைச் சேர்த்த 1,625இன் கால்பங்கு, அதாவது தலைக்கு 406. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு வாரம் கழித்து, ஆளுக்கு 244 கூடுதலாக வந்திருப்பதைக் கண்டுபிடித்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அது அப்படியே இருக்கட்டும் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, செத்துப்போன கொள்ளையர் தலைவனின் அண்ணன் இருபது பேரோடு ஆற்றைக் கடந்து வந்தான்.